29 பைசாவை எண்ணிப் பார்ப்பது

தமிழ்நாடு ஒன்றிய அரசுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் யாரும் தப்பியிருக்க முடியாது. மேடைகளில் பிரதமருக்கே இந்தப் பைசாவை வைத்துப் பட்டப்பெயர் சூட்டினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் இன்னொரு கணக்கைச் சொல்லியிருந்தார். 2014க்குப் பிறகான ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வசூலான வரி 6.23 லட்சம் கோடி, தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 6.96 லட்சம் கோடி என்றார். அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் பன்னிரண்டு பைசா.

ஒரே மாநிலம், ஏறக்குறைய ஒரே காலம். ஒருவர் கணக்கில் 29 பைசா, இன்னொருவர் கணக்கில் 112 பைசா. இரண்டு பேருமே அரசு ஆவணங்களிலிருந்துதான் எடுத்தார்கள். இரண்டையும் உட்கார்ந்து சரிபார்க்கலாம் என்று நான் இறங்கியபோது என் சித்தப்பா பையன் கேட்டான்.

“அக்கா, இப்ப இதைக் கிளறி என்ன சாதிக்கப் போற? அவங்க ஆயிரம் பொய் சொல்றாங்க. நம்ம பக்கம் ஒரு எண்ணு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. கோபம் நியாயமா இல்லையா, அதைச் சொல்லு.”

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கோபம் நியாயமானதுதான் என்று நானும் நினைக்கிறேன். அப்படியானால் அந்தக் கோபத்தைத் தாங்கி நிற்கிற எண்ணைத் தட்டிப் பார்ப்பது எதிராளிக்கு உதவுவதா? நியாயமான ஒரு குறைக்குத் துல்லியமில்லாத ஒரு எண் துணையாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுவது தவறா? இந்தக் கட்டுரை அவன் கேள்விக்கான பதில். பதிலுக்குப் போகும் வழியில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதல் சிக்கல், ‘தமிழ்நாடு கொடுத்த ஒரு ரூபாய்’ என்பது எது?

வருமான வரி எந்த ஊரில் சம்பாதிக்கப்பட்டதோ அந்த ஊரின் கணக்கில் ஏறுவதில்லை. எங்கிருந்து கட்டப்படுகிறதோ அங்கே ஏறுகிறது. அசோக் லேலண்ட் சென்னையில் தலைமையகம் உள்ள நிறுவனம். எண்ணூரிலும் ஓசூரிலும் ஆலைகள் உண்டு. உத்தராகண்டின் பந்த்நகரிலும் ராஜஸ்தானின் ஆல்வாரிலும் உண்டு. அங்கே தொழிலாளிகள் உழைத்து வரும் லாபத்துக்கான வரியும் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வரும். மறுபக்கம், நம்மூரில் கிளைகளை வைத்து நம்மிடம் சம்பாதிக்கும் வங்கிகள் பலவற்றின் தலைமையகம் மும்பையில். நாட்டின் நேரடி வரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மகாராஷ்டிரத்தின் கணக்கில் தெரிவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஜிஎஸ்டியிலும் இதே குழப்பம். ஒரகடத்தில் செய்த கார் லக்னோவில் விற்றால், வரியைச் செலுத்துவது இங்கே இருக்கும் நிறுவனம். ஆனால் அந்த வரியைக் கையிலிருந்து கொடுப்பவர் லக்னோவில் கார் வாங்கியவர். மாநிலப் பங்கும் உத்தரப் பிரதேசத்துக்குத்தான் போகும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் ஒரு பகுதி பெங்களூருக்குப் போகிறது. சுங்க வரி பதிவாவது சென்னையில். ஆக, ‘வசூலான இடம்’ என்பதும் ‘கொடுத்தவர் இருக்கும் இடம்’ என்பதும் வேறு வேறு.

இரண்டாவது சிக்கல், ‘திரும்பி வந்தது’ என்பது எது? நிதிக்குழு சொல்லும் வரிப்பகிர்வு மட்டுமா? மானியங்களும் ஒன்றிய அரசுத் திட்டங்களுக்கான பணமும் சேருமா? பெசன்ட் நகரில் என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ராஜாஜி பவன் இருக்கிறது. முழுக்க ஒன்றிய அரசு அலுவலகங்கள். அங்கே கொடுக்கும் சம்பளம் தமிழ்நாட்டுக்கு வந்த பணமா? ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், பெரம்பூரில் ரயில்பெட்டி செய்கிறார்கள். டாங்கி எல்லையைக் காக்கிறது, பெட்டி நாடு முழுக்க ஓடுகிறது. செலவு இங்கே, பயன் எங்கேயும்.

உலகத்தில் நாம் மட்டும் இதில் மாட்டிக்கொள்ளவில்லை. ஸ்பெயினிலிருந்து பிரிய விரும்பிய கட்டலோனியாவில் இதே சண்டை பல வருடம் நடந்தது. பணம் எங்கே செலவானது என்று பார்ப்பது ஒரு முறை, அந்தச் செலவால் யாருக்குப் பயன் என்று பார்ப்பது இன்னொரு முறை. முதல் முறையில் கட்டலோனியாவின் இழப்பு பெரிதாகத் தெரியும், இரண்டாவதில் குறையும். பிரிவினை கேட்டவர்கள் முதலாவதையே பேசினார்கள்.

இப்போது நம் இரண்டு எண்களுக்கு வருவோம். நிதியமைச்சர் சொன்ன 6.23 லட்சம் கோடி நேரடி வரி மட்டும்தான் என்று தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு உடனே பதில் சொன்னார். ஜிஎஸ்டி, சுங்கம், பெட்ரோல் மீதான கலால் எதுவும் அதில் இல்லை. ஆனால் கொடுத்த பக்கத்தில் வரிப்பகிர்வோடு மற்றவையும் சேர்ந்திருந்தன. வாங்கியதைக் குறைத்து, கொடுத்ததைக் கூட்டினால் 112 பைசா வரத்தானே செய்யும். 29 பைசா இதைத் திருப்பிப் போட்ட கணக்கு. கொடுத்த பக்கத்தில் வரிப்பகிர்வு மட்டும். வாங்கிய பக்கத்தில் இங்கே வசூலாகப் பதிவானது.

*

நானாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயமானதுதான், ஆனால் எதைச் சேர்த்தேன் எதை விட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2023–24இல் ஒன்றிய அரசு வசூலித்த மொத்த வரி சுமார் 34.6 லட்சம் கோடி. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரிப்பகிர்வாகக் கொடுத்தது சுமார் 11.3 லட்சம் கோடி. மானியங்களை விட்டுவிடுகிறேன். இந்தியா முழுவதுக்குமான சராசரியே ஒரு ரூபாய்க்கு 33 பைசாதான்.

இந்த 33 பைசாவைத்தான் நம் விவாதத்தில் யாரும் சொல்வதில்லை. 29 பைசா என்றதும் நாம் மனதுக்குள் அதை நூறு பைசாவோடு ஒப்பிடுகிறோம். மீதி 71 பைசாவை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாகக் கோபப்படுகிறோம். ஆனால் எந்த மாநிலத்துக்கும் சராசரியாக நூறு பைசா திரும்ப முடியாது. ராணுவம், வாங்கிய கடனுக்கு வட்டி, ரயில், உர மானியம் என்று பணம் போகிறது. 2024–25 பட்ஜெட்டின்படி ஒன்றிய அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் வட்டிக்கே 19 பைசா. மாநிலங்களின் வரிப்பங்கு 21 பைசா.

அடுத்து, வரி எங்கே பதிவானது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாநிலத்தின் பொருளாதார அளவுக்கு ஏற்ப அது வரி கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் உற்பத்தியில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 9 சதவீதம். வரிப்பகிர்வில் 15ஆவது நிதிக்குழு நமக்குக் கொடுத்தது 4.079 சதவீதம். பெருக்கி வகுத்தால் ஒரு ரூபாய்க்கு வருவது ஏறக்குறைய 15 பைசா. உத்தரப் பிரதேசத்துக்கு 70 பைசா. பீகாருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். ஏழை மாநிலத்தில் வரிக்கு உட்படாத விவசாய வருமானம் அதிகம் என்பதால் பீகாருக்கு உண்மையில் இதைவிடக் கூடுதலாகவும் நமக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம்.

பாருங்கள், கோஷம் சொல்வதைவிட இது மோசம். சராசரி 33, நமக்கு 15. சரிபார்ப்பது எதிராளிக்கு உதவுவது என்ற பயம் இந்த இடத்திலேயே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. நான் போட்ட கணக்கு என்பதால் 15தான் சரியான எண் என்று நான் சொல்ல வரவில்லை. மானியங்களைச் சேர்த்தால் எல்லாருக்குமே கூடும். எந்த வழியில் போட்டாலும் தமிழ்நாடு கொடுப்பதைவிடக் குறைவாகப் பெறும் மாநிலம் என்பது மாறாது. அதில் சந்தேகம் வேண்டாம்.

*

ஆனால் கொடுத்ததைவிடக் குறைவாகப் பெறுவது, அதனாலேயே அநியாயம் ஆகிவிடுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்களுக்கு ஒரு சண்டை பழக்கமாக இருக்கும். தரைத்தள வீட்டுக்காரர் கேட்பார்: “நான் லிஃப்ட்ல ஏறவே இல்லையே, அதுக்கு ஏன் நான் மெயின்டெனன்ஸ் தரணும்?” இதை ஒப்புக்கொண்டால் மொட்டைமாடி ஒழுகும்போது கீழ்வீட்டுக்காரர் யாரும் பணம் தர மாட்டார்கள். கொடுத்தது அவரவர்க்குத் திரும்ப வேண்டும் என்பது நியாயத்தின் விதி என்றால் சங்கமே தேவையில்லை, அவரவர் பணத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம்.

அந்த விதியைத் தமிழ்நாட்டுக்கு உள்ளேயும் நீட்டிப் பார்க்க வேண்டும். பெசன்ட் நகர்க்காரர்கள் “நாங்க கட்டுற வரியில எங்க ஏரியாவுக்கு எவ்வளவு திரும்ப வருது” என்று கேட்டால்? நிச்சயம் ஒரு ரூபாய் வராது. அந்தப் பணம் அரியலூர் பள்ளிக்கூடத்துக்கும் தருமபுரி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகிறது. பெசன்ட் நகருக்கு உள்ளேயே கேட்கலாம்: கலாக்ஷேத்ரா காலனி கட்டுவதும் ஓடைக்குப்பம் கட்டுவதும் சமமா? அப்படிக் கேட்பவரை நாம் சுயநலக்காரர் என்றுதான் சொல்வோம். சென்னையின் பணம் அரியலூருக்குப் போவது சமூகநீதி, தமிழ்நாட்டின் பணம் பீகாருக்குப் போவது மட்டும் கொள்ளை என்று சொல்ல வேண்டுமானால், நடுவில் என்ன மாறியது என்று விளக்க வேண்டும். ‘அவங்க வேற, நாங்க வேற’ என்பது ஒரு விளக்கம். அதைச் சொல்ல விரும்புபவர்கள் நேராகச் சொல்லட்டும், பைசாவுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம்.

பீகாரும் தன் கணக்குப் புத்தகத்தைத் திறக்க முடியும். 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை சரக்குக் கட்டண சமன்பாடு என்றொரு கொள்கை இருந்தது. ஜாம்ஷெட்பூர் அன்று பீகாரில் இருந்தது. அங்கே உருகிய இரும்பு ஜாம்ஷெட்பூரிலும் சென்னையிலும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி ரயில் கட்டணத்துக்கு ஈடு செய்தார்கள். சுரங்கம் பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே அனுகூலமும் பீகாருக்கு இல்லாமல் போனது. துறைமுகம் உள்ள மாநிலங்கள் தொழிலில் முன்னேறின, அதில் நாமும் உண்டு. அது நம் வளர்ச்சிக்கு ஒரே காரணம் இல்லை. நம் பள்ளிகளும் சத்துணவும் மருத்துவமனைகளும் நாம் செய்தவை. ஆனாலும் எந்த வருடத்திலிருந்து கணக்கை எழுதத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து யார் கடனாளி என்பது மாறும். சென்னையில் கட்டடம் கட்டும் பீகார் இளைஞனைப் பதினெட்டு வயது வரை சோறு போட்டு வளர்த்த செலவு பீகாருடையது என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

*

அப்படியானால் நம் குறை என்ன? குறை உண்டு, அது வேறு இடத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று, மக்கள்தொகை. 1971இல் இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாடு சுமார் 7.5 சதவீதம். 2011இல் சுமார் 6 சதவீதம். ஒன்றிய அரசு சொன்ன குடும்பநலத் திட்டத்தை ஒழுங்காகச் செய்ததன் விளைவு இது. நீண்டகாலம் நிதிக்குழுக்கள் 1971 கணக்கையே வைத்திருந்தன. 15ஆவது குழு முழுக்க 2011க்கு மாறியது. ஈடாகக் குழந்தைப் பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்கு 12.5 சதவீத எடை கொடுத்தது. வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை. 11ஆவது குழுவின் காலத்தில் 5.385ஆக இருந்த நம் பங்கு 15ஆவது குழுவில் 4.079 ஆனது. ஏழைக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும், ஆனால் சொன்னதைச் செய்தவனுக்கு எந்த அளவுக்குக் குறைக்கலாம்? இது உண்மையான கேள்வி. இதே கேள்விதான் நாளை தொகுதி மறுவரையறையில் பணத்துக்குப் பதில் நாடாளுமன்ற இடங்களாகத் திரும்பி வரும்.

இரண்டு, நிபந்தனை. தேசிய கல்விக் கொள்கையோடு இணைந்த திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024–25க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. 29 பைசாவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. ஆனால் இதில் எந்த அனுமானமும் தேவையில்லை. யார், யாருக்கு, எதற்காகக் கொடுக்கவில்லை என்பது எழுத்தில் இருக்கிறது.

மூன்று, செஸ், சர்சார்ஜ். அரசியலமைப்பின் 270ஆவது பிரிவுப்படி இவற்றை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. 2011–12இல் ஒன்றிய மொத்த வரியில் சுமார் 10 சதவீதமாக இருந்த இவை 2020–21இல் சுமார் 20 சதவீதம் ஆயின. நிதிக்குழு 41 சதவீதம் கொடு என்றாலும் மொத்த வரியில் 33 மட்டுமே வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது இதைப் பார்க்கலாம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு ஒரு லிட்டருக்கு ஒன்றிய அரசின் கலால் 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு. அதாவது அப்போது பெட்ரோல் கலாலில் ஒரு ரூபாய்க்கு மூன்று பைசாவுக்கும் குறைவு, அதுவும் தமிழ்நாட்டுக்கு மட்டும் இல்லை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து.

இந்த மூன்றாவது குறையில் பீகாரும் நம்மோடு நிற்கிறது. செஸ் கூடக் கூட, பங்கில் பெரும்பகுதியை நம்பியிருக்கும் பீகாருக்கு நம்மைவிட அதிக நஷ்டம். மாடி ஒழுகலுக்குக் கீழ்வீடும் மேல்வீடும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, செயலாளர் ‘சிறப்பு நிதி’ என்று தனியாக வாங்கித் தன் இஷ்டத்துக்குச் செலவழிப்பது போலத்தான் இது. 29 பைசா என்ற எண் நம்மைச் செயலாளரிடம் அனுப்பவில்லை. மேல்வீட்டுக் கதவைத் தட்டச் சொல்கிறது.

*

தம்பிக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். தவறான எண்ணின் முதல் கெடுதி, அது உடையும்போது அதோடு சேர்த்துக் குறையையும் உடைத்துவிடலாம் என்பது. அதைவிடப் பெரிய கெடுதி, அது உடையாமல் நின்றால் நடப்பது. தவறான ஆள்மேல் கோபப்படக் கற்றுக்கொள்கிறோம். செஸ் முடிவை எடுப்பது டெல்லியில் இருக்கும் ஒன்றிய அரசு. ‘நம்ம காசுல வாழறவன்’ என்ற பார்வை விழுவதோ கட்டுமான வேலையிடத்தில் நிற்கும் பையன்மேல். அவன் பங்குக்கு அவன் குடிக்கும் டீயிலும் போடும் ரீசார்ஜிலும் இங்கேதான் வரி கட்டிக்கொண்டிருக்கிறான்.

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக வட இந்தியாவில் வீடியோக்கள் பரவின. பொய். வேறு இடத்தில், வேறு காரணத்துக்கு நடந்தவற்றை ஒட்டிப் பரப்பினார்கள். அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு வீடியோவில் வந்து மறுத்தார், பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அன்று நாம் அவர்களிடம் என்ன கேட்டோம்? ‘உங்களுக்கு வசதியான கதை என்பதற்காக நம்பாதீர்கள், சரிபாருங்கள்’ என்று கேட்டோம். பீகாரில் எத்தனையோ பேர் தங்கள் பக்கத்துக் கோபத்தை ஒரு நிமிடம் நிறுத்தி அதைச் செய்தார்கள். அன்று நாம் கேட்டதையே இன்று நம்மிடம் கேட்டால் கொடுக்க வேண்டாமா? ‘அவங்க ஆயிரம் சொல்றாங்க’ என்பது அன்று அவர்களிடமும் இருந்த சமாதானம்தான்.

இதை அரசுகளிடம் விட்டுவிடவும் முடியாது. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே பொய் என்று முத்திரை குத்தும் அதிகாரத்தை விதிகளில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023இல் தனக்கொரு உண்மை சரிபார்ப்புக் குழுவை அமைத்தது. தன்மேல் வரும் பொய்யை அரசு மறுக்கலாம். தனக்குச் சாதகமான மிகையை அது திருத்தும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். அந்த வேலை, அந்த மிகையால் பயன்பெறும் பக்கத்தில் இருக்கும் சாதாரண மனிதர்களுக்கே மிஞ்சுகிறது.

இந்த மண்ணில் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்று முழங்கி வளர்ந்த இயக்கம் ஆட்சிக்கு வந்ததும் 1969இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ராஜமன்னார் தலைமையில் குழு அமைத்தது. எந்தப் பிரிவு, எந்த வரி, எந்த அதிகாரம் என்று அந்தக் குழு தேடி, 1971இல் அறிக்கை கொடுத்தது. மத்திய-மாநில உறவைப் பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் இன்றும் அந்த அறிக்கையைத் தொடாமல் போக முடிவதில்லை. அதை எழுதியவர்கள் யாரும் கோபத்தைக் கைவிட்டவர்கள் இல்லை.

செஸ், அடிப்படைக் கலால், 270ஆவது பிரிவு என்று மேடையில் பேச ஆரம்பித்தால் கைதட்டல் விழாது என்று தம்பி சொல்வான். சரிதான். ஆனால் பெட்ரோல் கலாலில் ஒரு ரூபாய்க்கு மூன்று பைசாகூட வரவில்லை என்று சொன்னால் விழும். அதே வாக்கியத்தை பாட்னாவில் சொன்னாலும் விழும்.